மெஷினே எல்லாம் செய்கிறது என்றால், ரேடியோகிராபி மாணவி எதைக் கற்க வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். எக்ஸ்ரே எடுக்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. ரேடியோகிராபி படிக்கிறேன். அடுத்த மாதம் ஊட்டியில் மருத்துவமனைப் பயிற்சி தொடங்குகிறது. இப்போதெல்லாம் மெஷினே எல்லாவற்றையும் செட் செய்துகொள்ளும் என்கிறார்கள். நான் எந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும்? கதிர்வீச்சை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: முதல் எக்ஸ்போஷரிலேயே, அதாவது முதல்முறை கதிரைப் பாய்ச்சும்போதே, டாக்டருக்குப் பயன்படும் படத்தை எடுப்பது. மற்ற திறமைகள் எல்லாம் இதற்காகத்தான். படம் சரியில்லை என்று மறுபடி எடுத்தால், நோயாளி மீது தேவையில்லாமல் இன்னொரு முறை கதிர்வீச்சு பாய்கிறது. எதிரே நிற்பவருக்கு எங்கே வலிக்கிறது, நாம் சொன்னது புரிந்ததா என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது.

ஊட்டிக் குளிரில் ஒரு மார்பு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் பாட்டி மேல் மஃப்ளர், ஸ்வெட்டர், உள்ளே சேஃப்டி பின், கழுத்தில் செயின். "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றால் கூச்சப்பட்டு ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்வார். கதவைச் சாத்தி, கவுனைக் கையில் கொடுத்து, "இரும்பு, தங்கம் எது இருந்தாலும் படத்துல மறைக்கும் பாட்டி" என்று காரணத்தோடு சொல்லுங்கள். தோள்களை முன்னால் தள்ளி நிற்கவைத்தால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மூச்சை இழுத்துப் பிடிப்பதை முதலில் நீங்கள் செய்துகாட்டி, அவரையும் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். நன்றாக இழுத்திருந்தால் படத்தில் பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது, பத்து வரை எண்ணலாம். இந்த ஒரு கட்டளையை படுக மொழியிலும் இருளர் மொழியிலும், கூடலூர் பக்கம் போனால் மலையாளத்திலும் சொல்லப் பழகிவிடுங்கள்.

தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தவர் வந்தால் வேறு கதை. இடுப்புப் படத்துக்குப் பாதங்களைச் சற்று உள்நோக்கித் திருப்ப வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் காலைத் தொட்டுத் திருப்பவே கூடாது. பக்கவாட்டுப் படம் வேண்டுமா? ஆளைப் படுத்தபடியே விட்டு, கதிர் வரும் எக்ஸ்ரே ட்யூபைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

"நீங்கதானே லட்சுமி?" என்று கேட்காதீர்கள், பதற்றத்தில் எவரும் தலையாட்டுவார். பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். படத்தில் எது இடது, எது வலது என்று காட்டும் மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன்பே வையுங்கள். கர்ப்பமா, மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்பதை மாமியாரும் கணவரும் கூட நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. தனியே அழைத்துக் கேளுங்கள்.

டிஜிட்டல் மெஷினில் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷர் அளவு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது சாஃப்ட்வேர் அதைச் சரிசெய்து அழகான படமாகவே தந்துவிடுகிறது. குறைந்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவைக்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. படமெடுக்கும் தகட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதைக் காட்ட, படத்தோடு திரையில் வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சுப் பணியாளருக்கு இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தடுப்புக்குப் பின்னால் நின்று எக்ஸ்போஷர் கொடுப்பவர் இந்த வரம்பை நெருங்க வேண்டிய அவசியமே இல்லை. வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்டு, தள்ளி நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகிவிடும். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் உறவினருக்கு ஏப்ரன் மாட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், கர்ப்பிணியை மட்டும் பிடிக்க விடாதீர்கள். பிடிப்பதை உங்கள் வாடிக்கையாக்கிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்தால் மார்புப் பகுதியில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். மலையில் நடக்கும் தவறு இது: பேட்ஜை ஸ்வெட்டரில் குத்திக்கொள்வது, மத்தியானம் வெயில் வந்ததும் ஸ்வெட்டரை எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போவது. நீங்கள் வாங்காத கதிர்வீச்சு உங்கள் கணக்கில் ஏறும், வாங்கியது பதிவாகாது. சட்டையிலோ கோட்டிலோ குத்துங்கள்.

பயிற்சியின் முதல் வாரத்திலேயே, ரிஜெக்ட் ஆன படங்களைக் காட்டச் சொல்லி சீனியரிடம் கேளுங்கள். அசைந்ததா, மூச்சு போதவில்லையா, சென்டரிங் தப்பா (கதிர் சரியான இடத்தின் நடுவில் விழவில்லையா), நகையா என்று காரணத்தை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். எந்தக் காரணம் அடிக்கடி வருகிறதோ, அதிலிருந்து உங்கள் பயிற்சியைத் தொடங்குங்கள்.