எஃப்.ஈ., பி.ஈ. தேர்வுகளுக்கு எந்த இணையவழிப் பயிற்சி? செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ஒரு வரைபடத்தில் பொறியாளராக முத்திரை வைக்க மாநில உரிமம் வேண்டும். முதலில் எஃப்.ஈ. (பொறியியல் அடிப்படைகள்) தேர்வு, பிறகு பணி அனுபவம், பி.ஈ. (தொழில்முறைப் பொறியாளர்) தேர்வு. (இங்கே பி.ஈ. என்று எழுதுவது நம் ஊர்ப் பட்டத்தை அல்ல, உரிமத் தேர்வை.) இரண்டையும் நடத்துவது என்.சி.ஈ.ஈ.எஸ். என்ற அமைப்பு, உரிமம் தருவது அந்தந்த மாநில வாரியம். காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து, அமெரிக்காவில் உரிமமும் பெற்றவன் என்பதால் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்சி வகுப்புகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சிவில் பற்றி விரிவாகச் சொல்வேன். மற்றத் துறைகளுக்குத் தெரிந்த அளவு மட்டும்.

கானாடுகாத்தான் (இப்போது ஹூஸ்டன்): எஃப்.ஈ. முடித்துவிட்டேன் அண்ணன். பி.ஈ. சிவில், கட்டமைப்புப் பிரிவு எழுத வேண்டும். ஒரு நிறுவனம் நேரலை வகுப்பு நடத்துகிறது, விலை அதிகம். இன்னொன்றில் பதிவு செய்த வகுப்புகள், ஏறக்குறையப் பாதி விலை. எதில் சேரலாம்?

விலையைப் பிறகு பார்க்கலாம் தங்கச்சி. அந்த வகுப்புகள் எப்போது பதிவு செய்யப்பட்டவை என்று முதலில் கேளுங்கள். பி.ஈ. சிவில் 2022-இல்தான் கணினித் தேர்வாக மாறியது. 2024 ஏப்ரலில் பாடத்திட்டமும் மாறியது. அதற்கு முன்பு எல்லாருக்கும் பொதுவான ஒரு பகுதியும் அவரவர் பிரிவுக்கான ஒரு பகுதியும் இருந்தன. இப்போது அந்தப் பிரிப்பு இல்லை. பழைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் பொதுப் பகுதிக்கென்று பல மணி நேர வகுப்பை இன்னும் விற்கிறார்கள். அதைக் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் மாலை நேரங்கள் தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, இரண்டு நிறுவனங்களிடமும் ஒரு மாதிரி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் உத்தரத்தில் வெட்டு விசைக்குக் கம்பி வடிவமைக்கும் பாடமாக இருந்தால் நல்லது. ஆசிரியர் ஏ.சி.ஐ. 318 என்ற அமெரிக்கக் கான்கிரீட் விதிநூலைத் திரையில் திறந்து, எந்த அத்தியாயம், எந்தப் பிரிவு என்று காட்டியபடி கணக்குப் போடுகிறாரா? அல்லது தம் சொந்தக் குறிப்பிலிருந்து சூத்திரத்தை எழுதிப் போடுகிறாரா? தேர்வு அறையில் விதிநூல்கள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பாகத்தான் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறந்து தேட முடியும். எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 80 கேள்விகளுக்கு 8 மணி நேரம், அதாவது கேள்விக்கு ஆறு நிமிடம். அத்தியாயத்தைத் தேடுவதிலேயே இரண்டு நிமிடம் போனால் கணக்குக்கு என்ன மிஞ்சும்?

மூன்றாவது, நம்மைப் போல் இந்தியாவில் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. எந்த அமெரிக்கப் பயிற்சியிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 நம் எலும்பில் ஊறியிருக்கிறது. எம் 25 என்றால் 150 மில்லிமீட்டர் கனசதுரத்தின் வலிமை. ஏ.சி.ஐ.-இல் வரும் வலிமை உருளையைச் சோதித்துப் பெறுவது. ஒரே கான்கிரீட்டுக்கு உருளை எண் குறைவாக வரும். நாம் நிலைச்சுமை, பயன்சுமை இரண்டையும் 1.5-ஆல் பெருக்கிப் பழகியவர்கள், அங்கே 1.2, 1.6. நாம் பொருளின் வலிமையைக் கான்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15 என்று வகுக்கிறோம். அவர்கள் கடைசியில் கிடைக்கும் தாங்குதிறனை ஒரு குறைப்புக் காரணியால் பெருக்குகிறார்கள். எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் இந்த வேறுபாடுகளை ஒரே தாளில் நீங்களே எழுதி மேசை மேல் வையுங்கள்.

இதெல்லாம் இரண்டிலும் சமமாக இருந்தால், மலிவானதில் சேருங்கள். தினமும் வேலை முடிந்து தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லையென்றால் மட்டும் நேரலைக்குப் பணம் கொடுங்கள். நேரலை வகுப்பு விற்பது ஒழுங்கைத்தான், அறிவை அல்ல.

தேவகோட்டை: எஃப்.ஈ. சிவிலுக்குச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சிதான் சிறந்தது என்பது என் கருத்து. நம் படிப்பின் பலமே நினைவாற்றல்தான். கையேட்டில் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

இதை ஏற்கவே முடியாது தம்பி. எஃப்.ஈ.-இல் 110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். கேள்விக்கு மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை. அதனாலேயே மனப்பாடம் என்கிறீர்கள். நான் அதே காரணத்துக்காகத்தான் கையேட்டைப் பழகச் சொல்கிறேன். சூத்திரங்கள் அடங்கிய என்.சி.ஈ.ஈ.எஸ். கையேடு தேர்வுத் திரையிலேயே கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும், தேடலாம். அதன் கோப்பை அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் நினைவாற்றல் எங்கே கவிழ்க்கும் என்று ஒன்று காட்டுகிறேன். திறந்த வாய்க்காலுக்கான மேனிங் சூத்திரம். நம் ஊரில் படித்த எல்லாருக்கும் அது ‘என்’ (வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) கீழே, மேலே ஒன்று. அமெரிக்க அலகில் அந்த ஒன்று இருந்த இடத்தில் 1.486 வரும். அடி, கன அடி என்று கேள்வி வந்தால், மனப்பாடம் செய்தவர் மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்தை விட்டுவிடுவார். அந்தத் தவறான விடையும் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். குழாய் ஓட்டத்துக்கான ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்திலும் அப்படியே: நம் அலகில் 0.849, அவர்கள் அலகில் 1.318. கையேட்டைத் திறந்தால் இரண்டு மாறிலிகளும் அருகருகே இருக்கின்றன.

கோட்டையூர் (ஓய்வு பெற்ற விரிவுரையாளர்): அடிப்படை புரியாதவன் எந்தக் கையேட்டில் தேடினாலும் பயனில்லை. தேவகோட்டைத் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஐயா, நீங்கள் சொல்வது முழு நியாயம், ஆனால் அவர் சொன்னது அதுவல்ல. புரிதல் வேறு, ஒப்பித்தல் வேறு. எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று தெரியாதவர் தேடல் பெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டுவது என்றும் தெரியாமல் நிற்பார். கையேட்டுப் பழக்கமே அந்தப் புரிதலைச் சோதித்துவிடுகிறது.

தேவகோட்டை (மீண்டும்): நான் இந்தியாவில் எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அங்கே கையேடு இல்லை. நினைவில் இருந்ததால்தான் முடிந்தது.

கேட்டில் கையேடு இல்லை, அதனால் அங்கே அது சரி. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் அங்கே தவறுக்கு மதிப்பெண் குறைக்கவும் செய்வார்கள். எஃப்.ஈ.-இல் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் காலியாக விடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு தேர்வுகள் தம்பி. கேட்டுக்குப் படித்த முறையையே கொண்டுவந்தால் உங்கள் உழைப்பு வீணாகும், அதுதான் என் கவலை. நீங்களே சோதித்துப் பாருங்கள்: நீரியல் கணக்குகள் பத்து, பாதி அமெரிக்க அலகில். ஒரு முறை நினைவிலிருந்து, மறு முறை வேறு பத்தைக் கையேட்டோடு. கடிகாரம் வைத்துச் செய்யுங்கள்.

புதுவயல்: இந்த அலகுச் சண்டையில் ஒரு சந்தேகம். பவுண்டு விசை, பவுண்டு நிறை இரண்டும் ஒன்றா?

எண் ஒன்றாக வரும், பொருள் ஒன்றல்ல. ஒரு பவுண்டு நிறையின் எடை பூமியில் ஒரு பவுண்டு விசை. அதனால் எடையைக் கேட்கும் கணக்கில் பிழை தெரியாது. முடுக்கம் வரும் இடத்தில் 32.2-ஆல் வகுக்காவிட்டால் விடை முப்பது மடங்குக்கு மேல் தவறிவிடும். பயிற்சியில் இயக்கவியல் கணக்குகள் இரண்டு அலகிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெட்ரிக்கில் மட்டும் இருந்தால் அது வேண்டாம்.

காரைக்குடி: எஃப்.ஈ.-க்கு எது பெஸ்ட் கோர்ஸ்?

எந்தத் துறை, பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு, எந்தப் பாடத்தில் பலவீனம் என்று எழுதுங்கள். இல்லாமல் பதில் கிடையாது.

பள்ளத்தூர்: என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். எஃப்.ஈ. இரண்டு முறை தவறிவிட்டது. ‘தேர்ச்சி உத்தரவாதம்’ என்று ஒரு நிறுவனம் சொல்கிறதாம், அதிகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா தம்பி? பிள்ளை மனம் உடைந்திருக்கிறான்.

ஆச்சி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். உத்தரவாதம் என்றால் பணம் திரும்ப வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அதன் பொருள், தவறினால் அதே வகுப்பை இன்னொரு முறை இலவசமாகக் கேட்கலாம் என்பதுதான். அதற்கும் எல்லா வகுப்பிலும் இருந்திருக்க வேண்டும், எல்லாப் பயிற்சித் தேர்வும் முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். தேர்வுக் கட்டணம் எப்படியும் திரும்ப வராது. நிபந்தனைப் பக்கத்தை முழுதாக வாசிக்காமல் யாரும் உத்தரவாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இதை எல்லாருக்கும் சொல்கிறேன்.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு என்.சி.ஈ.ஈ.எஸ். பாட வாரியாக ஓர் அறிக்கை தருகிறது. மகனிடம் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எந்தப் பாடம் தாழ்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் பயிற்சி வாங்கினால் போதும். தனிப் பாடமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். சிவில் என்றால் தொழில் ஒழுக்கமும் பொறியியல் பொருளாதாரமும் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்து 9 முதல் 14 கேள்விகள். நம் பிள்ளைகள் அவற்றைப் பாடமாகவே நினைப்பதில்லை, ஆனால் ஒரு மாதத்தில் தூக்கி நிறுத்தக்கூடியவை. மூன்று மாதக் காலகட்டத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை. அதனால் அவசரப்பட்டு அடுத்த தேதியைப் பதிவு செய்ய வேண்டாம். மதிப்பெண் அட்டை கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். மூன்றாவது முறை தேறினாலும் அதே உரிமம்தான் ஆச்சி, யாரும் குறைவாக எண்ணப் போவதில்லை.

திருப்பத்தூர்: சிங்கப்பூரில் வேலை. அங்கே பதிவுபெற்ற பொறியாளராக எந்தப் பயிற்சி?

அது சிங்கப்பூர் வாரியத்தின் தனித் தேர்வு. அவர்கள் தளத்தில் பாருங்கள். அமெரிக்கப் பயிற்சியை வாங்கிவிடாதீர்கள்.

காரைக்குடி, கழனிவாசல்: பெஸ்ட் எஃப்.ஈ. கோர்ஸ் ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

மேலே பதில் இருக்கிறது. பெயரை மட்டும் சொன்னால் அது உதவி ஆகாது.

ஆத்தங்குடி: கால்குலேட்டர் புதிதாக வாங்க வேண்டுமா?

காசியோ எஃப்எக்ஸ்-991 வைத்திருந்தால் தேவையில்லை. பெயரில் 991 இருக்கும் எல்லா மாடலும் அனுமதிக்கப்படுகிறது. 570 கூடாது. தேர்வு வரை அந்த ஒன்றிலேயே பயிற்சி செய்யுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: டெலிகிராமில் பி.ஈ. தேர்வின் ‘உண்மையான கேள்விகள்’ குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பயிற்சிக்குப் பதில் அதை வாங்கினால் என்ன?

வாங்காதீர்கள். என்.சி.ஈ.ஈ.எஸ். பழைய வினாத்தாள்களை வெளியிடுவதில்லை. தேர்வு எழுதுவோர் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். விற்கப்படுவது போலியாக இருந்தால் பணம் போயிற்று. உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்: தேர்வு முடிவு ரத்தாகும், மாநில வாரியத்துக்குப் புகார் போகும். நீங்கள் முத்திரை வைக்கும் பாலத்தின் மேல் மனிதர்கள் நடப்பார்கள். திருட்டுத்தாளில் தேறி அந்த முத்திரையை வாங்க எப்படி மனம் வரும்? சட்டப்படி கிடைப்பது வேண்டுமென்றால் என்.சி.ஈ.ஈ.எஸ். தானே மாதிரித் தேர்வு விற்கிறது. எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் அதைத் தனியாக வாங்குங்கள். கேள்வியின் நடையை அதைவிடச் சரியாக யாரும் காட்ட முடியாது.

செக்காலை: கலிபோர்னியாவில் பி.ஈ. சிவில் எழுத என்ன பயிற்சி?

அங்கே சிவில் உரிமத்துக்கு நிலநடுக்கம், நில அளவை என்று இரண்டு மாநிலத் தேர்வுகள் கூடுதல். பொதுவான பி.ஈ. பயிற்சியில் அவை அடங்காது. மூன்றுக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.

குன்றக்குடி: எஃப்.ஈ.-க்கு நல்ல கோர்ஸ் எது?

மூன்றாவது முறை. முதல் பதிலில் பதிவு செய்த ஆண்டைப் பற்றியும் மாதிரி வகுப்பைப் பற்றியும் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். தயவுசெய்து படியுங்கள்.

காரைக்குடி, அழகப்பா கல்லூரி மாணவி: வரும் ஆகஸ்டில் டெக்ஸாஸில் எம்.எஸ். சேர்கிறேன். இங்கே இருக்கும்போதே நேரலைப் பயிற்சியில் சேர்ந்து எஃப்.ஈ.-க்குத் தயாராகலாமா?

நல்ல எண்ணம், ஆனால் நேரலை வேண்டாம். அங்கே கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி வகுப்பு என்றால் இங்கே கோடையில் விடியற்காலை நாலரை மணி. கல்லூரிக்கும் போய்க்கொண்டு அதைத் தாங்க முடியாது. சந்தா வாங்கினால் மாதங்கள் ஓடத் தொடங்கிவிடும். பயணம், வீடு தேடல், பதிவு என்று முதல் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடக்கூட மாட்டீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது செலவில்லாதது. கையேட்டை இறக்கி, நிலையியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை ஆகிய மூன்றிலும் உங்கள் கல்லூரிப் பாடக் கணக்குகளையே அந்தக் கையேட்டை மட்டும் வைத்துப் போடுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் நீங்கள் உரிமம் கேட்கப்போகும் மாநில வாரியத்தின் விதியைப் படியுங்கள். இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்யச் சொல்லும் வாரியங்கள் உண்டு. நம் பட்டங்களில் மனிதவியல் பாடங்கள் போதாது என்று அந்த மதிப்பீட்டில் வருவது வழக்கம். எம்.எஸ். படிக்கும்போதே அந்தக் குறையை நிரப்பும் பாடத்தை எடுக்க முடியுமா என்று அங்கே கேட்கலாம். அதனால் கல்லூரியை விட்டுக் கிளம்புமுன் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையுடன் இரண்டு படி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து கேட்டு வாங்குவது பெரும் அலைச்சல்.