இணைய அடைவும் எடிட்டர் வேலையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் தற்காலிகப் பணியில் இருக்கிறேன். நூலக அறிவியலில் முதுகலை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய கட்டுரை ஒன்றில், இணையதளங்களை வகைபிரித்துப் பட்டியலிடும் ‘டீமாஸ்’ என்ற இணைய அடைவில் சில வருடம் எடிட்டராக இருந்ததாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அது மூடப்பட்டுவிட்டது என்றும், அதன் வாரிசாக ‘கர்லி’ என்ற அடைவு தன்னார்வலர்களால் நடக்கிறது என்றும் தெரிந்தது. விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

நண்பனிடம் சொன்னால் சிரிக்கிறான். “கூகுளே பழசாயிடுச்சு, இப்போ சாட்ஜிபிடி கிட்ட கேட்டா சொல்லிடும். நீ டெலிபோன் டைரக்டரி எழுதப் போறியா?” என்கிறான். எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. நூல்களை வகைபிரிக்கப் புதுமுறை தந்த நூலக அறிஞர் ரங்கநாதனைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மரத்தின் கிளைகளாகப் பிரிக்கும் இந்த முறைக்குள் போக மனம் ஒப்பவில்லை. தஞ்சாவூர்க் கோயில் பற்றிய தளத்தை ஊரில் வைப்பதா, மதத்தில் வைப்பதா, கட்டடக்கலையில் வைப்பதா? இது பின்னோக்கிப் போவது இல்லையா?

விண்ணப்பத்துக்காக மூன்று தளங்களுக்கு விவரிப்பு எழுதி இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பார்க்கவும்.

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். இன்று ஓர் அடைவைத் திறந்து கலை, அதற்குள் இசை, அதற்குள் கருவிகள் என்று படிப்படியாக இறங்கி ஒரு தளத்தைக் கண்டுபிடிக்கிறவர் அநேகமாக யாரும் இல்லை. ஒரு பிரிவை எடுத்து நீங்கள் பொன்போல வைத்துக்கொண்டாலும் வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு உபகாரம் என்று நினைத்துப் போனால் ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

ஆனால் டெலிபோன் டைரக்டரி என்று சொன்னாரே, அதுதான் தப்பு. டெலிபோன் டைரக்டரியில் போன் வைத்திருந்த எல்லார் பெயரும் இருக்கும். எவரையும் ‘நீ வேண்டாம்’ என்று சொல்லும் வேலை அதில் இல்லை. அடைவு எடிட்டருக்கு முக்கால்வாசி வேலையே அதுதான்.

கொஞ்சம் பழைய கதை. 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ ஆனது. சம்பளத்துக்கு ஆள் வைத்து, தளங்களைப் பார்த்து வகைப்படுத்தினார்கள். இணையம் வளர்ந்த வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. சேர்க்கச் சொல்லிக் கொடுத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். செத்த இணைப்புகள் அப்படியே இருக்கும். அந்த எரிச்சலில் 1998 ஜூனில் ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூயல் என்ற இரண்டு பொறியாளர்கள் வேறொரு வழியைத் தொடங்கினார்கள்: சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆளுக்கொரு பிரிவு. (இந்த ஸ்க்ரென்டா பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, 1982-இல், ஆப்பிள் கணினிகளில் பரவிய ‘எல்க் குளோனர்’ வைரஸை எழுதியவர். பரவ விடுவதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு.) முதலில் க்னுஹூ என்று பெயர் வைத்தார்கள். ‘க்னு’ என்பது ஏற்கெனவே ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயர், அதற்கு ஆட்சேபம் வந்தது. நியூஹூ என்று மாற்றினார்கள். ‘ஹூ’வுக்கு யாஹூவிடமிருந்து ஆட்சேபம் வந்தது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் வாங்கிக்கொண்டு ‘திறந்த அடைவுத் திட்டம்’ என்று பெயரிட்டது. முகவரியை வைத்து எல்லாரும் டீமாஸ் என்றே சொன்னோம்.

நான் 2003-இல் சேர்ந்தேன். முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டது. தள்ளியது முழு நியாயம். ‘இசை’ என்ற மொத்தப் பிரிவையும் கேட்டிருந்தேன். அது ஒரு ஜில்லாவையே எழுதிக் கேட்பது மாதிரி. புதியவருக்கு ஒரு தெரு கொடுப்பார்கள், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து தளங்கள் உள்ள கடைசி மூலைப் பிரிவாகப் பார்த்துக் கேட்கவேண்டும். இரண்டாவது முறை தென்னிந்திய இசைக்கருவிகள் சார்ந்த ஒரு மூலையைக் கேட்டேன், கிடைத்தது. உள்ளே 23 தளங்கள் இருந்தன. அவற்றில் ஆறு திறக்கவே இல்லை.

சேர்ந்த வாரத்தில் வரிசையைத் திறந்தேன். பரிசீலனைக்குக் காத்திருக்கும் தளங்களின் பட்டியலை அப்படித்தான் சொல்வோம். அறுபது சொச்சம் இருந்தன. ‘அறுபது நல்ல தளங்கள்!’ என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில் பாதி, இசைக்குச் சம்பந்தமே இல்லாத கடைகள். மிச்சத்தில் ஐந்து தளங்கள் ஐந்து பெயர், ஐந்து நிறம், ஆனால் ஒரே தொலைபேசி எண். ஒரு வீணைக் கடைக்காரர் தன் கடையையே ஐந்தாக்கி அனுப்பியிருந்தார். ஒன்றைச் சேர்த்துவிட்டு நாலைத் தள்ளினேன். எப்படியோ என் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து எழுதினார். முதலில் கோபம், பிறகு கெஞ்சல், மூன்றாவது கடிதத்தில், “சார் வீட்டுல யாராவது வீணை கத்துக்கறாங்களா? ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்.”

அவர் ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்று யோசியுங்கள். அடைவில் நுழைந்து படிப்பவர்களுக்காக அல்ல. 2000-இலிருந்து 2011 வரை கூகுளே எங்கள் பட்டியலை எடுத்துத் தன் அடைவாகக் காட்டிவந்தது. வேறு எத்தனையோ தளங்களும் அதைப் படியெடுத்தன. டீமாஸில் ஓர் இடம் கிடைத்தால் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கை வணிகர்களிடையே பரவியிருந்தது. சும்மா செய்த வேலைக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது. அடைவைக் கெடுத்தது அதுதான் என்பது என் எண்ணம். எடிட்டர்கள் காசு வாங்குகிறார்கள் என்ற புகார் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. வாங்கியவர்களும் இருந்திருக்கலாம். பிடிபட்டால் நீக்கிவிடுவார்கள். சேரும்போதே உங்களுக்குத் தொடர்புள்ள தளங்களைச் சொல்லிவிடச் சொல்வார்கள். மறைக்காமல் எழுதுங்கள். என் மைத்துனர் நடத்திய இசைவகுப்புத் தளத்தை நான் கடைசிவரை சேர்க்கவில்லை. அதில் முகவரியும் கட்டண விவரமும் தவிர ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அந்த அறுபதில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. மேலே ஒரு மணி ஆடிக்கொண்டிருக்கும். திறந்த உடனே மூடத் தோன்றும். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், மிருதங்கம் செய்பவர்களிடம் போய் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தார். வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பசையை எத்தனை தடவை பூசித் தேய்க்கிறார்கள், இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவது எதற்கு, மழைக்காலத்தில் வார் என்ன ஆகும் என்று நாற்பது பக்கம். படங்கள் மங்கல். பிழைகள் ஏராளம். வேறு எங்கேயும் இல்லாத விஷயம். அன்றைய தேடுபொறியில் அந்தத் தளம் எங்கோ அடியில் கிடந்தது, ஏனென்றால் அவருக்கு யாரும் இணைப்பு கொடுக்கவில்லை. நான் சேர்த்தேன். அதற்கு ஒன்றரை வரி விவரிப்பு எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது.

விதிகள் அப்படி. தளம் தன்னைப் பற்றிச் சொல்வதை எழுதக் கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று எழுதவேண்டும். ‘எங்கள்’, ‘உங்கள்’ கூடாது. ஆச்சரியக்குறி கூடாது. தளத்தின் பெயரையே விவரிப்பில் திரும்பச் சொல்லக் கூடாது. புகழக் கூடாது. கேட்க எளிது. நம் கை புகழ்ச்சியில் ஊறிய கை. கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் பார்த்து வளர்ந்தவர்கள். ‘அரிய’, ‘அற்புதமான’, ‘களஞ்சியம்’ மூன்றையும் எடுத்துவிட்டால் பல அறிமுகக் கட்டுரைகளில் மிஞ்சுவது தேதி மட்டும்தான். “அற்புதமான மிருதங்கக் களஞ்சியம்” என்று எழுத அந்தத் தளத்தை வாசித்திருக்கவே வேண்டாம். “மிருதங்கம் செய்யும் முறை: தோல் தேர்வு, கரணை இடுதல், வார் கட்டுதல், கைவினைஞர்களுடனான உரையாடல்கள்” என்று எழுத நாற்பது பக்கத்தையும் படித்தாகவேண்டும். இந்த ஐந்து வருடப் பழக்கம் இல்லாவிட்டால் நான் பிற்பாடு எழுதிய மதிப்புரைகள் இன்னும் மோசமாக இருந்திருக்கும். உங்களுக்கு இதில் கிடைக்கப்போகும் கூலி இது ஒன்றுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ரங்கநாதன் விஷயத்துக்கு வருகிறேன். 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறையைப் பற்றி உங்களிடம் நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தவர், ஒரு பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று முகங்களாகப் பிரித்து வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கண்ணோடு பார்த்தால் டீமாஸின் மரம் பழைய மரம்தான். உங்கள் தஞ்சாவூர்க் கோயில் கேள்விக்கு அங்கே இருந்த பதில் இதுதான்: பொருள் சார்ந்து ஒரு தடவை, ஊர் சார்ந்து ஒரு தடவை வைக்கலாம். மற்ற இடங்களிலிருந்து பிரிவுக்குப் பிரிவு குறுக்கு இணைப்பு போட்டுக்கொள்ளவேண்டும். ஒட்டுப்போட்ட ஏற்பாடு.

எனக்கும் இது முதலில் உறுத்தியது. புத்தகம் ஒரு பிரதிதான், ஓர் அலமாரியில்தான் நிற்கும். இணையதளத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாதே, பத்து இடத்தில் வைத்தால் என்ன? வேலை செய்தபிறகு வேறு மாதிரி புரிந்தது. பத்து இடத்தில் இருக்கிற தளம் செத்துப்போனால் பத்துப் பேரில் யார் பார்ப்பது? ஓர் இடத்தில் இருந்தால் அந்தப் பிரிவுக்காரரின் பொறுப்பு. மரம் அறிவைப் பகுப்பதற்குச் சரியான வடிவம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான முகம் தெரியாத ஆட்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுக்க அதைவிடச் சுலபமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் பகுப்பவர் வேறு, அலமாரியைத் துடைப்பவர் வேறு. இங்கே இரண்டும் ஒரே ஆள். செத்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க ‘ரோபோஸில்லா’ என்று ஒரு நிரல் சுற்றிவரும். ஆனால் பெயர் காலாவதியாகி வேறொருவன் வாங்கிச் சூதாட்டக் கடை போட்டிருந்தால் அதற்குத் தெரியாது. தளம் திறக்கிறதே! போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மிருதங்கத் தளமும் போய்விட்டது. இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் கடையை மூடியபோது அதுவும் சேர்ந்து அழிந்தது. பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் ஒன்றரை வரி மட்டும் இன்னும் சில வருடம் அடைவில் இருந்தது, இல்லாத ஒன்றைப் பற்றிய துல்லியமான விவரிப்பாக. அப்போது நான் விலகிவிட்டிருந்தேன், எடுக்க ஆளில்லை.

தமிழ்ப் பிரிவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘உலகம்’ என்ற கிளையின் கீழ் மொழிகள் இருந்தன. ஜெர்மன் பிரிவுக்குப் பக்கத்தில் தமிழ் ஒரு திண்ணை அளவுதான். ஆள் குறைவு என்பதோடு எழுத்துருத் தொல்லையும் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களில் ஒரு தளம் டிஸ்கி, இன்னொன்று டாப், ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்த எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாமல் திறந்தால் பக்கம் முழுக்கக் கிறுக்கல். வேறு மொழி எடிட்டர் கண்ணுக்கு அது பழுதான தளம். யூனிகோடு பரவியபிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. உங்களுக்கு அது இல்லை. தமிழிலும் வேலை இருக்கிறது, யோசியுங்கள்.

டீமாஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அப்போது அதில் 38 லட்சத்துக்கு மேல் தளங்கள், 10 லட்சத்துக்கு மேல் பிரிவுகள், 90 மொழிகள். தொடக்கத்திலிருந்து எடிட்டர்களாக இருந்தவர்கள் 91,929 பேர் என்று முகப்பில் கணக்குப் போட்டிருந்தது. அதில் நான் ஒன்று. சாவி, நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனத்திடம் இருந்தது, பூட்டினார்கள். நல்லவேளை, உள்ளே இருந்த சரக்கை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமம் இருந்தது. பழைய எடிட்டர்கள் அதை எடுத்துக்கொண்டு கர்லியைத் தொடங்கினார்கள். சும்மா உழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உழைத்ததைத் தூக்கிக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் சேரும் இடத்தில் எல்லாம் பார்த்துவிடுங்கள். இங்கே இருந்தது.

உங்கள் மூன்று விவரிப்புகளையும் படித்தேன். மரபு நெல் பற்றியது நன்றாக இருக்கிறது, தொடவேண்டாம். ஊர் நூலகத் தளத்துக்கு எழுதியதில் கடைசிப் பாதி அவர்களுடைய முகப்பு வாசகத்தை அப்படியே எடுத்தது, தெரிகிறது. முதலாவது: “தஞ்சை வட்டாரக் கல்வெட்டுகள் பற்றிய சிறந்த, அரிய தகவல்கள் அடங்கிய பயனுள்ள தளம்.” சிறந்த, அரிய, பயனுள்ள மூன்றையும் அடித்துவிட்டு, எந்த நூற்றாண்டுக் கல்வெட்டுகள், எத்தனை கோயில், வாசகம் முழுதாக இருக்கிறதா வெறும் சுருக்கமா, படம் உண்டா என்று தளத்துக்குள் போய்ப் பார்த்து மறுபடி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.