எந்தக் கறவை இனம் யாருக்கு?

கேள்வி: 20 லிட்டர் கறக்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) இனப் பசுவும் 15 லிட்டர் கறக்கும் ஜெர்சி இனப் பசுவும் ஒரே விலைக்கு வருகின்றன. பாலில் உள்ள கொழுப்பைப் பார்த்துத்தான் பணம் தருகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஜெர்சியை வாங்குங்கள். எச்.எஃப். பாலில் கொழுப்பு ஏறத்தாழ 3.7 சதவீதம், ஜெர்சி பாலில் 4.9 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 20 லிட்டரில் 740 கிராம், 15 லிட்டரில் 735 கிராம். கொழுப்பு இரண்டிலும் ஒன்றுதான். தீவனம் அப்படியல்ல. 600 கிலோ எடையுள்ள எச்.எஃப். நாளொன்றுக்கு 18 முதல் 19 கிலோ உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) கேட்கும். 400 கிலோ ஜெர்சிக்கு 14, 15 கிலோ போதும். அந்த நான்கு கிலோ தினமும் உங்கள் கையில் மிஞ்சும். பாலை லிட்டர் அளவில் விற்பவருக்கு எச்.எஃப்.தான் பொருந்தும். காளைக்கன்றையும் கழித்த மாட்டையும் எடைக்கு விற்பதென்றாலும் அதுவே மேல்.

இவை இனத்தின் சராசரி. வாங்கப்போகும் மாட்டின் பாலைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். காலை, மாலை இரண்டு கறவையிலும் முழுப்பாலையும் கறந்து, வாளியில் நன்றாகக் கலக்கிய பிறகு மாதிரி எடுங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியாகப் பிழியும் பாலில் மிக அதிகம். கடைசிப் பாலை மட்டும் காட்டி ஏமாற்றுவது சுலபம்.

கேள்வி: செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த பசுவை ஜெர்சி என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எச்.எஃப். இனத்திலும் சிவப்பு வெள்ளை உண்டு. முகத்தைப் பாருங்கள். ஜெர்சிக்கு நெற்றி நடுவில் குழிந்திருக்கும், கண்கள் பெரிதாகப் பிதுங்கி நிற்கும், கறுத்த மூக்கைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். எச்.எஃப். முகம் நீளமாக, நேராக இருக்கும்.

கேள்வி: வெயில் காலத்தில் எச்.எஃப். மாடு வாயைத் திறந்து இளைக்கிறது. பாலோடு கொழுப்பும் குறைகிறது. ஏன்?

பதில்: குளிர்ப் பகுதியில் உருவான பெரிய உடல், அதிகத் தீனி, அதிகப் பால். மூன்றும் சேர்ந்து உள்ளே உண்டாக்கும் சூட்டை அதனால் வெளியேற்ற முடியவில்லை. பிற்பகலில் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெப்பம் தாக்குகிறது என்று பொருள். 80-ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும்.

இளைக்கும்போது உமிழ்நீர் ஒழுகி வீணாகும், அசைபோடுவதும் குறையும். வயிற்றுப் புளிப்பை மட்டுப்படுத்த வேண்டிய உமிழ்நீர் உள்ளே போகாததால்தான் கொழுப்பு விழுகிறது. அடர்தீவனத்தில் நாளுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைப் பிரித்துக் கலந்து கொடுங்கள். தீனியில் பெரும்பங்கை இரவிலும் விடியற்காலையிலும் வையுங்கள். தோல் நனையும்வரை தண்ணீர் தெளித்து, உடனே விசிறியைப் போடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் கொட்டகையில் புழுக்கம் கூடி நிலைமை மோசமாகும். நல்ல கறவையில் உள்ள மாடு வெயில் நாளில் 100 லிட்டருக்கு மேலும் குடிக்கும். தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்கட்டும்.

கேள்வி: நாட்டுப் பசுவுக்கு எச்.எஃப். சினை ஊசி போட்டுப் பிறந்த கிடேரி அருமையாகக் கறந்தது. அதற்கும் எச்.எஃப். ஊசியே போட்டோம். பிறந்த பேத்தி எதிர்பார்த்தபடி இல்லையே?

பதில்: முதல் தலைமுறைக் கலப்பில் இரு இனங்களும் பாதிப்பாதி. கலப்பினால் வரும் வீரியம் முழுமையாகக் கிடைப்பது அந்தத் தலைமுறையில்தான். மறுபடி எச்.எஃப். போட்டால் அயல் இன ரத்தம் 75 சதவீதமாகும், வீரியமோ பாதியாகும். வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் திறன் குறையும், தீனித் தேவை கூடும். பேத்தியிடம் பால் மரபு இருக்கிறது, அதை வெளிக்கொணரும் தீனியும் குளிர்ச்சியும் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வெப்பமான இடங்களில் அயல் ரத்தத்தை 50 முதல் 62.5 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. பிரேசிலின் கிரோலாண்டோ இனத்தை எச்.எஃப். 5/8, இந்திய இனமான கிர் 3/8 என்றுதான் நிலைப்படுத்தினார்கள். ஆகவே பேத்திக்குக் கலப்பினக் காளையின் விந்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் காளையின் இனத்தையும் எண்ணையும் தேதியோடு குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் ரத்தக் கணக்கு வெறும் ஊகம்தான்.

கேள்வி: சாஹிவால் பசு கன்று இல்லாமல் பால் விட மறுக்கிறது.

பதில்: சாஹிவால், கிர் போன்ற திமில் மாடுகளின் இயல்பு இது. கன்றை ஊட்டவிட்டுச் சுரப்பு வந்ததும், தாய் நக்கும்படி பக்கத்தில் கட்டி, ஆறேழு நிமிடத்தில் கறந்து முடியுங்கள். சுரப்புக்கான ஹார்மோன் அதற்கு மேல் நிலைக்காது. கன்றில்லாமல் பழக்குவதென்றால் முதல் ஈற்றிலேயே தொடங்க வேண்டும். தினமும் அதே நேரம், அதே ஆள், முன்னால் தீவனம், ஒரு நிமிடம் மடியைத் தடவிவிடுவது. நாள்தோறும் அந்த ஹார்மோன் ஊசியைப் போட்டுப் பால் இறக்க வேண்டாம். பிறகு ஊசி இல்லாமல் அது பால் விடாது.

கேள்வி: நான்காம் ஈற்று ஜெர்சி, கன்று ஈன்ற மறுநாளே எழமுடியாமல் படுத்துவிட்டது. காது சில்லிட்டிருந்தது.

பதில்: பால் சுரத்தின் அடையாளம் அது. சீம்பாலுக்குப் போகும் கால்சியத்தை ஈடுகட்ட முடியாமல் ரத்தத்தில் அளவு விழுந்துவிடுகிறது. மூன்றாம் ஈற்றுக்குமேல் எல்லா இனத்துக்கும் வரும், ஜெர்சிக்கு அதிகம். மருத்துவர் வரும்வரை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியத்தை ரத்தக்குழாய் வழியே மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்தபடியே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் நீங்களே முயலாதீர்கள். அடுத்த ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரம் கால்சியம் மிகுந்த குதிரைமசாலையும் சுண்ணாம்புச் சத்து கலந்த தாது உப்பையும் நிறுத்துங்கள், அப்போதுதான் எலும்பிலுள்ள கால்சியத்தை எடுக்க உடல் பழகும். கன்று போட்டதும் நின்றபடி நன்றாக விழுங்கும் மாட்டுக்கு மட்டும் கால்சியம் கூழ் கொடுங்கள்.