மலிவான வீடும் இரண்டாவது காரும்

கேள்வி: எனக்கு வேலை ஒரு சிறிய கிராமத்தில், கணவருக்கு வேறு திசையில். இரண்டு பிள்ளைகள், கூடவே 68 வயதில் என் அம்மா. என் வேலை இருக்கும் கிராமத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம். பள்ளி 700 மீட்டர், மருத்துவர் 900 மீட்டர், கடைகள் இன்னும் பக்கம். தவணை எங்கள் மாத வருமானத்தில் 34 சதவீதம். அங்கிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே இதைப் போல இரண்டு மடங்கு பெரிய வீடு. தவணை 25 சதவீதம்தான். ஆனால் பேருந்து இல்லை, இன்னொரு கார் வேண்டும். பக்கத்து நிலத்தையும் சேர்த்து ஒரே கூட்டுக் கடனில் வாங்கலாம் என்று அண்ணன் வற்புறுத்துகிறார். வீட்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று படித்ததால் குழப்பமாக இருக்கிறது. ஒன்பது வருடத்தில் மூன்று கார் கடன். ஒவ்வொரு முறையும் பழைய பாக்கியைப் புதுக் கடனில் சேர்த்துவிட்டோம். இப்போதைய கடன் (வருமானத்தில் 7 சதவீதம்) முடிய பத்து மாதம் இருக்கிறது. கையில் எதுவும் நிற்பதில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: எந்த வீடு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதி, அந்தப் பழைய பாக்கி. 100 மதிப்புள்ள காருக்கு, முந்தைய பாக்கி 20-ஐயும் சேர்த்து 120 கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 10 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் கட்டி முடிக்கும்போது சுமார் 167 ஆகியிருக்கும். அதற்குள் அந்தக் காரின் விலை பாதிக்கும் கீழே போயிருக்கும். இதைத்தான் மூன்று முறை செய்திருக்கிறீர்கள். பணம் நிற்காததற்குக் காரணம் வீடு இல்லை.

இப்போது இரண்டு வீட்டையும் இந்தப் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் மாத வருமானம் 100 என்று வையுங்கள்.

கிராமத்து வீடு: தவணை 34, கார் கடன் 7, கணவர் ஓட்டும் செலவு சுமார் 3. மொத்தம் 44. பத்து மாதம் கழித்து 37.

வயல்வெளி வீடு: தவணை 25, பழைய கார் கடன் 7, ஓட்டும் செலவு இரட்டிப்பாகி 6, இரண்டாவது காருக்கு 7, அதன் எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு 5. மொத்தம் 50. பத்து மாதம் கழித்து 43. தண்ணீர் மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, வீடு வரைக்குமான பாதை என்று சொந்தப் பொறுப்பில் வருபவற்றை நான் சேர்க்கவே இல்லை.

ஆக, 9 மிச்சம் என்று நீங்கள் நினைக்கும் வீட்டில் மாதம் 6 கூடுதலாகப் போகிறது. அந்த 30 சதவீத விதி வீட்டை மட்டும் தனியாகப் பார்க்கிறது. சிகாகோவில் இருக்கும் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுக்கு 30, போக்குவரத்துக்கு 15 என்று சேர்த்து 45-ஐ எல்லையாக வைக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சரியான அளவுகோல். கிராமத்து வீடு அதற்குள் நெருக்கிப் பிடித்து நிற்கிறது, பத்து மாதத்தில் வசதியாகிவிடும். மற்றது முதல் நாளிலேயே தாண்டுகிறது.

தூரத்தையும் பாருங்கள். நீங்கள் ஒருவர் வேலைக்குப் போய்வரவே தினம் 28 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் 616, ஏழு வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். மின்சாரக் கார் வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். எரிபொருள் செலவு குறையும், உண்மைதான். தவணை, காப்பீடு, டயர் எதுவும் குறையாது. காரின் விலையையும் வீட்டுக் கடனிலேயே சேர்த்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 9 சதவீதத்தில் 20 வருடம் என்றால் 100 வாங்கி 216 கட்டுவீர்கள், அதுவும் 20 வருடம் ஓடாத ஒரு வண்டிக்கு.

வயல்வெளி வீடே தப்பு என்று சொல்லவில்லை. இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்து, ஒரே கார் போதும் என்றிருந்தால், கணக்கு 25, 7, 6 சேர்த்து 38; கடன் முடிந்ததும் 31. அப்போது அங்கே போகத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமை அது இல்லை. அப்புறம் அம்மா. நிமிடத்துக்கு 80 மீட்டர் நடக்கிறவருக்கு மருத்துவர் சுமார் பதினொரு நிமிடத் தூரம். அம்மா மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடத்தில் தானே போய்விடுவார். அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் உங்களில் ஒருவர் கார் எடுக்க வேண்டும்.

அண்ணன் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கூட்டுக் கடனில் ஆளுக்குப் பாதி என்பது உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்வது. அவர் கட்டாமல் விட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம். 50 ஏற்கெனவே போகிற வீட்டில் அதற்கு எங்கே இடம்? அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வேண்டாம். இந்தக் கணக்கு எழுதிய தாளைக் காட்டி, இப்போது முடியாது என்று சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலை. கிராமத்தில் ஒரு மழை நாளிலும் ஒரு இரவிலும் அம்மாவோடு பள்ளி வரை, மருத்துவர் வரை நடந்து பாருங்கள். நடைபாதை, விளக்கு, சாலையைக் கடக்கும் இடம் சரியில்லை என்றால் அந்த 34-க்கு அர்த்தமில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள். இரண்டாவது, காரில் பத்து மாதப் பாக்கி முடியும்வரை பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கச் சொல்லும் எந்தக் கடையின் மாற்றுச் சலுகையையும் கேட்கக்கூட வேண்டாம். முடிந்த மாதத்திலிருந்து அதே 7-ஐத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒரு வருடத்தில் 84 சேரும், அதாவது கிட்டத்தட்ட ஒரு மாத வருமானம். இப்போதைய கார் நன்றாக ஓடும்வரை ஓட்டுங்கள். அடுத்த காருக்கான முதல் பணம் அந்தக் கணக்கிலிருந்து வரட்டும்.