எந்த ஃபில்யூன்?

கேள்வி: தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் படைத் தலைவராக இருந்த ஜெனரல் கான்ஸ்டண்ட் ஃபில்யூனை, 1994-ல் உள்நாட்டுப் போரைத் தவிர்த்த சமாதானத் தூதர் என்கிறார்களே, ஏற்கிறீர்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தூதர் பட்டமெல்லாம் வேண்டாம். 1978 மே 4 அன்று அங்கோலாவின் கசிங்காவில் நமீபியர்கள் தங்கியிருந்த முகாமில் தென்னாப்பிரிக்கப் படையினர் குண்டு வீசி, பாராசூட் வீரர்களை இறக்கினார்கள். தரைப்படைத் தலைவரான ஃபில்யூனும் அன்று அங்கே நேரில் போய் இறங்கினார். செத்தவர்கள் சுமார் 600 பேர்; பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. நமீபியாவில் மே 4 இன்றும் அரசு விடுமுறை. அந்த ரத்தம் 1994-ல் கழுவப்பட்டுவிட்டது என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் 1994-ல் அவர் எடுத்த முடிவும் சாதாரணமானதல்ல. 1985-ல் ஓய்வு பெற்றுப் பண்ணைக்குப் போனவரை, தனித் தாயகம் கேட்ட ஆஃப்ரிகானர்கள் (ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் வெள்ளையர்கள்) 1993-ல் தலைமைக்கு அழைத்து வந்தார்கள். அவர் கூப்பிட்டால் துப்பாக்கியோடு வர ஆயிரக்கணக்கானோர் தயார். 1994 மார்ச்சில், எல்லா இனத்தவரும் வாக்களிக்கவிருந்த முதல் தேர்தலை ஏற்க மறுத்த, நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென உருவாக்கிய போபுதட்ஸ்வானா பகுதியின் ஆட்சியாளர் மங்கோப்பேயைக் காப்பாற்ற ஆள் அனுப்பினார். அழைக்காமலே உள்ளே புகுந்த ஏ.டபிள்யூ.பி. என்ற வெள்ளை இனவெறிக் கும்பல், தெருவில் நின்ற கறுப்பின மக்களைச் சுட்டது. திரும்பிப் போகும் வழியில் அந்தக் கும்பலில் மூன்று பேர், தங்கள் காரின் பக்கத்திலேயே, கேமராக்களின் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் வந்தால் நாடு முழுக்க இதுதான் என்பது ஒரு தளபதிக்குப் புரியாமல் இருக்குமா? சுதந்திர முன்னணி என்ற கட்சியோடு தேர்தலுக்கு வந்துவிட்டார். கிடைத்தது 2.17 சதவீத வாக்கு, 400-ல் 9 இடம். தனித் தாயகம் கடைசிவரை வரவில்லை. துரோகி என்று சொந்த இனத்தாரே ஏசினார்கள். 2020-ல் இறந்தார்.

என் ஆதங்கம் வேறு. அவருக்கு அச்சு அசலாக அதே முகத்தோடு ஓர் இரட்டைச் சகோதரர் இருந்தார்: ஆபிரகாம். இறையியல் படித்தவர். இவர் நிறவெறி அரசுக்குப் படை நடத்திய காலத்தில் அவர் அதே நிறவெறியை எதிர்த்து நின்றார். 1993-ல் தளபதியையும் மண்டேலாவையும் சந்திக்க வைக்கப் பாலம் போட்டவர் அவர்தான். 27 ஆண்டு சிறையில் கிடந்த மண்டேலா, வீடு தேடி வந்த தளபதிக்குத் தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பேசினார். தளபதியின் மனம் அங்கேதான் இளகத் தொடங்கியது என்று நம்புகிறேன். பாராட்டுவதானால் ஆபிரகாமிலிருந்து தொடங்குங்கள்.