கோத்தகிரி ஏற்றமும் இத்தாலிய ஃபிரேமும்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடையும் சிறு பட்டறை நடத்துகிறேன். வயது 46, எடை 78 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் போர்ஷே 911 கரேரா எஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஞாயிறுதோறும் கார்களில் மலையேறிக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர் இப்போது ரோடு பைக் எனப்படும் சாலைப் பந்தய சைக்கிளுக்கு வந்துவிட்டோம். மற்ற நால்வரிடமும் பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்பன் சைக்கிள்கள். என்னுடையது 9 கிலோ அலுமினியம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற எனக்கு மூன்று மணி நேரமாகிறது. அவர்கள் அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். மேலே போய்ச் சேரும்போது உள்ளங்கை மரத்து, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இத்தாலிய கார்பன் ஃபிரேம் ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா? சைக்கிளை 911இல் எப்படிக் கொண்டுபோவது?
– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். அந்த ஃபிரேம் நல்ல பொருள்தான். ஒருநாள் நீங்கள் அதை வாங்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் நீங்கள் தேடும் அரை மணி நேரம் அதில் கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொண்டால், 9 கிலோ சைக்கிளை விட்டு 7 கிலோ சைக்கிளில் அதே பலத்தோடு மிதித்தாலும் மூன்று மணி நேரத்தில் மிச்சமாவது சுமார் நான்கு நிமிடம். தொழில்முறைப் பந்தயங்களில் 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால், விலை உயர்ந்த சைக்கிள்களும் பெரும்பாலும் 7 கிலோவை ஒட்டியே நிற்கின்றன. உங்கள் காரின் எஞ்சின் 450 குதிரைத்திறன் தருகிறது. அந்த ஏற்றத்தில் உங்கள் கால்கள் தருவதோ ஒரு குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அரை மணி நேரத்தை அங்கேதான் தேட வேண்டும்.

காரிலிருந்து சைக்கிளுக்கு வந்த உங்கள் ஆசையை நான் ஒருபோதும் வீண் பகட்டு என்று சொல்லமாட்டேன். இரண்டும் நெடுநாள் உறவுக்காரர்கள். 1981இல் மெக்லாரன் ஃபார்முலா 1 காரின் உடலையே கார்பன் இழையில் செய்தது. மிலானுக்கு அருகில் கம்பியாகோவில் சைக்கிள் செய்துவந்த எர்னெஸ்டோ கொல்னாகோ, 1980களின் பிற்பாதியில் ஃபெராரியின் பொறியாளர்களோடு சேர்ந்துதான் கார்பன் ஃபிரேமில் இறங்கினார். அந்த வழியில் வந்த சி40 ஃபிரேமில், கல் பாவிய சாலைகளில் சைக்கிளையும் ஆளையும் உலுக்கியெடுக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 1995இல் ஃபிராங்கோ பல்லெரினி வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமேன் தங்கம் வென்ற சைக்கிளில் லோட்டஸ் கார் நிறுவனத்தின் பெயர் இருந்தது. கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, சாலை என்ன சொல்கிறது என்று உள்ளங்கையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே நீங்கள் அந்தக் காரை வாங்கினீர்கள்? நல்ல சைக்கிளும் அதையே தருகிறது. ஆனால் மரத்துப்போன உள்ளங்கைக்கு அது எதைச் சொன்னாலும் கேட்காது.

ஆகவே உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது உள்ளங்கையையும் இடுப்பையும் பற்றிய அந்த வரிதான். உள்ளங்கை மரக்கிறது என்றால் உடலின் பாரம் கைகளில் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கலாம், அல்லது ஹேண்டில்பார் உங்களுக்கு எட்டாத் தொலைவில் இருக்கலாம். இடுப்பு பிடிப்பதற்கு, சீட் உயரம் கூடிப்போய் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடுவது ஒரு காரணமாக இருக்கக்கூடும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பதே பொதுவான அளவு. பட்டறையில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும் நீங்கள், சீட்டை மட்டும் கண்மதிப்பில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். அளவெடுத்து அமைத்துத் தரும் ஒருவரிடம், இப்போதிருக்கும் சைக்கிளோடு சென்று உட்காருங்கள். சீட்டில் ஐந்து மில்லிமீட்டர், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே வேறு சைக்கிள்போல் இருக்கும். இதைச் செய்யாமல் ஃபிரேம் வாங்கினால், தவறான அளவையே பத்து லட்சம் கொடுத்து மறுபடி வாங்கியவர் ஆவீர்கள்.

பின்பல்சக்கரத்தில் 34 பல் இல்லையென்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். டயரில் 28 மில்லிமீட்டர் போட்டு, 110க்கு அடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, 75 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றடித்துப் பாருங்கள். வாரம் இரண்டு விடியற்காலையில் பேரூர் வழியே சிறுவாணிச் சாலையில் சீராக ஓட்டினால் கால்கள் தாமாக வழிக்கு வரும்.

இனி காருக்கு வருவோம். 911க்கென்று அந்த நிறுவனமே தரும் கூரைத் தாங்கி இருக்கிறது. கண்ணாடியிலும் கூரையிலும் உறிஞ்சிப் பிடிக்கும் தாங்கிகளும் வருகின்றன. தூசி துடைத்த பரப்பில் சரியாகவே பிடிக்கும், ஆனால் வழியில் இறங்கி இறங்கிப் பிடிப்பைச் சோதிக்க வேண்டும். கூரையில் சைக்கிள் இருக்கும் நினைவே இல்லாமல் வீட்டு போர்டிகோவுக்குள் காரை நுழைப்பவர்கள் உண்டு என்பதால், இரண்டையும்விட உள்ளே வைப்பதையே நான் விரும்புகிறேன். சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டால், பக்கத்து இருக்கையைப் பின்தள்ளிச் சாய்த்து, அதன்மேல் ஃபிரேம் அடங்கிவிடும். கழற்றுமுன் செயினைப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய பல்லுக்கு மாற்றுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் இல்லாத இடைவெளியில் பிளாஸ்டிக் கட்டையைச் செருக மறக்காதீர்கள். தவறிப்போய் லீவரை அழுத்திவிட்டால் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். செயின் இருக்கும் பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும். ஒருமுறை அவசரத்தில் நான் அதைக் கீழே போட்டுப் படுக்கவைத்தேன். கியரைத் தாங்கும் சுண்டுவிரல் அளவு அலுமினியத் துண்டு வளைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றியதும், செயினை நகர்த்தும் டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி, சைக்கிளைத் தோளில் சுமந்து நான்கு கிலோமீட்டர் இறங்கினேன். நாளை கார்பன் ஃபிரேம் வந்தபின், குழாயை இறுக்கிப் பிடிக்கும் எந்தத் தாங்கியையும் அண்டவிடாதீர்கள். கார்பன் நீள இழுவையைத் தாங்கும். பக்கவாட்டு நசுக்கலைத் தாங்காது.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. ஏற்றத்தில் பின்தங்கியவர் இறக்கத்தில் ஈடுகட்டப் பார்ப்பார். அதிலும் நல்ல கார் ஓட்டிப் பழகியவருக்கு வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்கும் துணிவு கூடுதலாகவே இருக்கும். உங்கள் காரின் பின்டயர் 305 மில்லிமீட்டர் அகலம். அங்கே மன்னிக்கப்படும் பிழை, 28 மில்லிமீட்டரில் மன்னிக்கப்படாது. நேராக இருக்கும்போதே வேகத்தை முடித்துவிட்டு, பிரேக்கை விட்டபின் வளையுங்கள். எதிரே ஏறிவரும் பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கோடைச் சீசனில் வாகனங்களைக் குன்னூர் வழியே ஏற்றிக் கோத்தகிரி வழியே இறக்குவார்கள். அந்த வாரங்களில் இந்த ஏற்றமே வேண்டாம். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். நன்றாக விடிந்தபிறகே அவ்விடத்தைக் கடந்துபோங்கள். ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ 2021 பிப்ரவரியில் லுகானோவில் சைக்கிளில் போகும்போது கார் மோதி தாடை உடைந்து கிடந்தார். ஸ்டீயரிங்கின் பின்னால் எத்தனை திறமை இருந்தாலும் சைக்கிளின் மேல் நம்மைச் சுற்றி இரும்பு இல்லை. உங்கள் ஐவரில் ஒருவர் முறைவைத்து அன்று சைக்கிள் ஓட்டாமல், காரில் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு மற்ற நால்வருக்கும் பின்னால் இறங்கி வந்தால், அந்த விலையுயர்ந்த கார்களுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

அளவு அமைத்து, பல்சக்கரம் மாற்றி, மூன்று மாதம் சிறுவாணிச் சாலையில் ஓட்டியபின், இதே அலுமினிய சைக்கிளில் கோத்தகிரிக்கு ஒருமுறை ஏறுங்கள். எடுத்த நேரத்தையும், உள்ளங்கை மரத்ததா என்பதையும், அளவெடுத்தவர் தந்த எண்களையும் எனக்கு எழுதுங்கள். அந்த எண்களை வைத்து எந்த ஃபிரேம், எந்த அளவு என்று பேசுவோம்.