பழைய ஃபங்க் சிங்கிளை மறுபடி அச்சிட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: 1971-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வெளியிட்ட ஃபங்க் இசை 45 (நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய இசைத்தட்டு) ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த லேபிளை எப்போதோ மூடிவிட்டார்கள். மாஸ்டர் டேப்பும் (மூல ஒலிநாடா) இல்லை. இந்தத் தட்டிலிருந்தே 500 பிரதிகள் போடலாமா?

பதில்: போடலாம், உரிமையாளர் கையெழுத்திட்ட பிறகு. லேபிளை மூடினாலும் உரிமை யாரிடமோ இருந்துகொண்டுதான் இருக்கும். 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை வெளியான அமெரிக்க ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. சந்தையில் கிடைக்காத பழைய பதிவுகளுக்கு 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சலுகை, லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே.

இதில் இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியவருக்கு உரியது ஒன்று, அது எளிது. தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிளில் பாட்டின் தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயர்களை, பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகளான பிஎம்ஐ, ஆஸ்காப் தரவுத்தளங்களில் தேடுங்கள். 2025-இல் இருந்த கட்டணப்படி ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்குப் பிரதிக்கு 12.7 சென்ட், இரண்டு பக்கமும் சேர்த்து 500 தட்டுக்கு 127 டாலர். ஒலிப்பதிவு உரிமைதான் அலையவைக்கும். அது லேபிள் நடத்தியவரிடமோ, வாரிசுகளிடமோ, சொந்தக் காசில் பதிவுசெய்த குழுத் தலைவரிடமோ இருக்கலாம். தட்டில் காகித லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்சினாட்டியின் ரைட் போன்ற தட்டு அச்சிடும் ஆலைகள் வாடிக்கையாளர் கணக்கு எண்ணையே அங்கே பொறித்தன. ஒரே கணக்கில் வந்த மற்ற தட்டுகளில் தெரிந்த பெயர் ஒன்று அகப்படலாம். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, டிஜிட்டல் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாசித்தவர்கள் உயிரோடு இருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் அவர்களுக்கும் ஒரு தொகை கொடுங்கள். அன்றைக்கே பலருக்குச் சரியாகக் கூலி போய்ச் சேரவில்லை.

அடுத்தது ஒலி. ஒரே தட்டை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று பிரதிகளைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கால அமெரிக்க 45-களில் நிறைய ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. தேய்ந்த ஊசி சில முறை ஓடினாலே பள்ளத்தின் சுவர் போய்விடும். அந்தக் கரகரப்பை எந்த மென்பொருளும் முழுதாக நீக்காது. பதிவு மோனோவானாலும் ஸ்டீரியோ காட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய பகுதி), 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் டிஜிட்டலாக எடுங்கள். பள்ளத்தின் இரு சுவர்களிலிருந்து வரும் இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு சுவர் தேய்ந்திருந்தால் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் கலந்து மோனோவாக்குங்கள், இரைச்சல் குறையும்.

ஃபங்க் கெட்டுப்போவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில். 'கிளிக்' நீக்கும் மென்பொருளுக்கு ஸ்நேர் டிரம்மின் அடியும் கிட்டாரின் வெட்டும் கீறலாகத்தான் தெரியும். அது நீக்கிய சத்தத்தை மட்டும் தனியே ஓடவிட்டுக் கேளுங்கள். அதில் தாளம் பிடிபட்டால் அளவு மீறிவிட்டது. குறைத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். நான்கு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஆலையிலிருந்து சோதனைப் பிரதிகள் வந்ததும் குறைந்தது இரண்டையாவது முழுக்கக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் 'டிக்' கேட்டால் கோளாறு ஸ்டாம்பரிலோ (தட்டுகளை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு) அதற்கு முந்தைய கட்டத்திலோ இருக்கிறது. ஆலைக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டின் குறை. சுருதி சுற்றுக்கு ஒருமுறை அலைந்தால் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது, ஒப்புதல் கொடுக்காதீர்கள்.